பழைய மோட்டார் படகும் நான்கு பிரெஞ்சுக்காரர்களும்

பிரெஞ்சு வழியில் படித்த என் தலைமுறைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கருவியைப் பார்த்தாலும், "இதைக் கண்டுபிடித்தவன் பிரெஞ்சுக்காரன்தானே?" என்று கேட்டுவிடுவோம். பாதி நேரம் பதில் ஆமாம் என்றிருக்கும். மீதிப் பாதி நேரம் எங்கள் வாத்தியார் அப்படிச் சொல்லிக்கொடுத்திருப்பார், அவ்வளவுதான். அந்தப் பழக்கத்தோடு நான் போய் உட்கார்ந்த ஒரு பழைய மோட்டார் படகைப் பற்றியும், அதன் டேஷ்போர்டில் இருந்த ஆறு மீட்டர்களைப் பற்றியும், அவற்றுக்குப் பின்னால் இருக்கும் மனிதர்களைப் பற்றியும் இன்று எழுதுகிறேன்.

2014 கோடையில் பிரான்சில் இருக்கும் என் சின்னம்மா மகன் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தேன். அவன் அப்பா சொல்தாவாக இருந்தவர்; குடும்பம் அங்கேயே நிலைத்துவிட்டது. பாரிஸுக்குத் தென்கிழக்கே, மெலேன் நகருக்குப் பக்கத்தில், சேன் ஆற்றங்கரையில் வீடு. பென்ஷன் வாங்க ஆரம்பித்த கையோடு தம்பி ஒரு பழைய மரப்படகை வாங்கியிருந்தான். 1950களில் அமெரிக்காவில் கட்டியது. மஹோகனிப் பலகை, குரோம் பூசிய விளிம்புகள், ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். ஸ்டியரிங்குக்கு எதிரே ஆறு மீட்டர்கள்: வேகம், எஞ்சின் சுற்று, ஆயில் அழுத்தம், தண்ணீர்ச் சூடு, ஆம்பியர், பெட்ரோல். குளிர்காலத்தில் ஒரு மெக்கானிக்கிடம் விட்டு எஞ்சினைச் சரிபார்த்து, பெட்ரோல் டாங்கிக்குப் புது மிதவையும் போட்டு வாங்கியிருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முதல் சவாரி. தம்பி, அவனுடைய பத்து வயதுப் பேத்தி, நான். சாவியைத் திருப்பியதும் பெட்ரோல் முள் நிறைந்த கோட்டையும் கொஞ்சம் தாண்டிப் போய் நின்றது. "அண்ணே, டாங்கி ரொம்பியிருக்கு. மெக்கானிக் நல்ல மனுஷன்" என்றான். அரை மணி நேரம் போயிருப்போம். எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது. நடு ஆறு. எதிரே வளைவில் ஒரு பெனிஷ் வந்துகொண்டிருந்தது. பெனிஷ் என்றால் மணலும் தானியமும் ஏற்றிப் போகிற நீண்ட சரக்குப் படகு. நினைத்த இடத்தில் அதை நிறுத்த முடியாது. தம்பி ஒரு துடுப்பும் நான் ஒரு துடுப்புமாகத் தள்ளினோம். அறுபது வயதைத் தாண்டிய இரண்டு பேர் துடுப்புப் போட்டால் படகு எந்த லட்சணத்தில் போகும் என்று உங்களுக்கே தெரியும். கரையோர நாணல் வரை வந்து சேர்ந்தோம். பெனிஷ் எங்களைக் கடந்து போனபோது எழும்பிய அலையில் படகு ஒருமுறை தூக்கிப் போட்டது. குழந்தை ஒரு வார்த்தை பேசவில்லை. பெட்ரோல் முள் மட்டும் அசையாமல் 'நிறைந்தது' என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

டாங்கி காலி. கரையில் இருந்த ஒருவர் தன் காரில் தம்பியைக் கூட்டிப்போய், இருபது லிட்டர் கேன் இரண்டில் பெட்ரோல் வாங்கிவரச் செய்தார். முதல் கேனை ஊற்றி முடித்ததும் தம்பி சாவியைத் திருப்பினான். முள் முன்பு நின்ற இடத்தைவிடக் கீழே நின்றது. இரண்டாவது கேனை ஊற்றியதும் இன்னும் கீழே இறங்கிப் பாதியில் வந்து நின்றது. "தாத்தா, ஊத்த ஊத்த முள்ளு இறங்குது!" என்று முதலில் கவனித்துச் சொன்னவள் அந்தப் பேத்திதான். இந்தப் புதிருக்கு விடையைக் கடைசியில் சொல்கிறேன்.

அன்று இரவு தம்பியின் மனைவி படகை விற்றுவிடச் சொன்னாள். தம்பி, "ஆறு மீட்டரையும் பிடுங்கிப் போட்டுட்டு டிஜிட்டல் வெச்சுடறேன்" என்றான். ஒரு மீட்டர் பொய் சொன்னதற்கு ஆறுக்கும் தண்டனையா என்று எனக்குப் பட்டது. முப்பத்தைந்து வருடம் கணக்குப் பதிவேடுகளோடு இருந்தவன் நான். ஒரு பக்கத்தில் கூட்டல் தப்பினால் புத்தகத்தையே எரிப்பதில்லை. எந்த வரியில் தப்பியது என்று தேடுவோம். "ஒவ்வொண்ணா பார்க்கலாம்டா" என்றேன். அப்படித் தொடங்கியதுதான் அந்த இரண்டு மாத வேலை.

வேக மீட்டரிலிருந்து ஆரம்பித்தோம். காருக்குச் சக்கரம் சுற்றுவதை வைத்து வேகம் சொல்லலாம். படகுக்குச் சக்கரம் ஏது? படகின் பின்பக்கம், தண்ணீருக்குள், முன்னோக்கிப் பார்த்தபடி ஒரு சிறு குழாய் இருக்கும். அதன் நுனியில் குண்டூசித் தலையளவு துளை. படகு ஓடும்போது தண்ணீர் அந்தத் துளையில் வந்து மோதி அழுத்தும். அந்த அழுத்தம் ஒரு மெல்லிய ரப்பர் குழாய் வழியாக மீட்டருக்கு வந்து சேரும். வேகம் கூடினால் அழுத்தம் கூடும்.

இந்தக் குழாய்க்குப் பெயர் பித்தோ குழாய். ஆன்றி பித்தோ 1695இல் தென் பிரான்சில் ரோன் ஆற்றங்கரையில் உள்ள அராமோன் என்ற ஊரில் பிறந்தவர். பிரெஞ்சில் அவர் பெயரை எழுதும்போது கடைசியில் ஒரு 'ட்' வரும். அதை உச்சரிக்கக் கூடாது. 1732இல் அவர் முனை வளைந்த ஒரு கண்ணாடிக் குழாயை, வாய் நீரோட்டத்துக்கு எதிரே இருக்கும்படி ஆற்றில் இறக்கி, நீர் குழாய்க்குள் எவ்வளவு ஏறுகிறது என்று அளந்தார். எந்த ஆறு தெரியுமா? எங்கள் படகு நின்றுபோன அதே சேன் ஆறு, பாரிஸ் நகருக்குள்.

அதுவரை ஆற்றின் வேகத்தை அறிய, மிதக்கும் பொருளை விட்டு அது போகும் நேரத்தைக் கணக்கிடுவார்கள். அதில் மேல்மட்ட வேகம்தான் தெரியும். ஆழம் போகப் போக நீரின் வேகம் அதிகம் என்று அந்தக் காலத்து அறிஞர்கள் பலர் காகிதத்தில் கணக்குப் போட்டு நம்பியிருந்தார்கள். பித்தோவின் குழாய் நேர்மாறாகச் சொன்னது: ஆழத்தில் வேகம் குறைகிறது. பெரியவர்கள் சொன்னதை விட்டுவிட்டு, குழாய் சொன்னதை அவர் எழுதிக் கொடுத்தார். குழாய் சொன்னதே சரி.

இதில் ஒரு கணக்கு உண்டு. நீர் விநாடிக்கு ஒரு மீட்டர் ஓடினால் குழாயில் ஏறும் உயரம் சுமார் ஐந்து சென்டிமீட்டர். வேகம் இரண்டு மடங்கானால் உயரம் நான்கு மடங்கு. படகு மணிக்கு 36 கிலோமீட்டரில் போனால் ஐந்து மீட்டர் உயர நீரின் அழுத்தம் வரும். ஆகவே மெதுவாகப் போகும்போது இந்த மீட்டரின் முள் ஏறக்குறைய அசையாது. பழுது என்று பலர் கழற்றிவிடுவார்கள். பழுதல்ல, அதன் பிறவிக் குணம்.

எங்கள் மீட்டரோ வேகமாகப் போனாலும் அசையவில்லை. காரணம் அற்பமானது: துளையில் காய்ந்த சேறு. ஆனால் அதைச் சுத்தம் செய்யும் முறை முக்கியம். முதலில் ரப்பர் குழாயை மீட்டரிலிருந்து கழற்றிவிட வேண்டும். பிறகு மெல்லிய கம்பியால் துளையைக் குத்தி, மேலிருந்து கீழே காற்றடிக்க வேண்டும். மீட்டரைக் கழற்றாமல் பம்பு வைத்து அடித்தால் மீட்டரின் உள்ளுறுப்பு கிழிந்துவிடும். அரை மணி நேர வேலை. தம்பியின் முகத்தில் முதல் சிரிப்பு அன்றுதான் வந்தது.

இதே பித்தோ குழாய் விமானத்திலும் உண்டு. 2009 ஜூன் 1 அன்று ரியோவிலிருந்து பாரிஸ் வந்துகொண்டிருந்த ஏர் பிரான்ஸ் 447 அட்லாண்டிக் கடலில் விழுந்து 228 பேர் இறந்தார்கள். உயரத்தில் பனித்துகள் பித்தோ குழாய்களைச் சிறிது நேரம் அடைத்ததால் வேகக் கணக்கு குழம்பியது. தானாக ஓட்டும் கருவி விலகிக்கொண்டது. விமானிகளால் நிலைமையைப் புரிந்துகொண்டு சமாளிக்க முடியவில்லை. துளை அடைபட்ட குழாய் என்ன செய்யும் என்பதை அதற்குப் பிறகு யாரும் அற்பமாகப் பேசுவதில்லை.

அடுத்து ஆயில் மீட்டர். எஞ்சினிலிருந்து ஒரு மெல்லிய செப்புக் குழாய் நேராக மீட்டருக்குள் வரும். உள்ளே கேள்விக்குறி போல வளைந்த ஒரு சிறு பித்தளைக் குழாய். அதன் குறுக்கு வெட்டு வட்டமாக இருக்காது, தட்டையாக இருக்கும். ஒரு முனை மூடியிருக்கும். அழுத்தம் உள்ளே வந்ததும் தட்டைக் குழாய் உப்பப் பார்க்கும். உப்பும்போது வளைவு நிமிரும். நிமிரும் முனை ஒரு பல்சக்கரத்தை இழுத்து முள்ளைத் திருப்பும். மாசிமகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் குழந்தைகளுக்கு விற்பார்களே, ஊதினால் நீண்டு விட்டால் சுருளும் காகித ஊதல், அதே வித்தைதான்.

இதைக் கண்டுபிடித்தவர் எழேன் பூர்தோன். 1808இல் பாரிஸில் பிறந்து, சிறு நீராவி எஞ்சின்கள் செய்யும் பட்டறை நடத்தியவர். ஒருநாள் அவருடைய பட்டறையில் சுருளாக வளைத்த ஒரு குழாய் தவறுதலாக நசுங்கித் தட்டையாகிவிட்டது. அதைச் சரிசெய்ய ஒரு முனையை அடைத்து மறுமுனையில் பம்பு வைத்துத் தண்ணீர் ஏற்றினார். குழாய் உருண்டைக்குத் திரும்பத் திரும்ப, சுருள் தானாக அவிழ்வதைப் பார்த்தார். அழுத்தத்துக்கு ஏற்ப அவிழ்கிறது என்பதைக் கவனித்தார். 1849இல் காப்புரிமை வாங்கினார்.

அதற்கு முன் அழுத்தம் அளக்கப் பாதரசம் நிரப்பிய உயரக் குழாய்களே அதிகம். காற்று மண்டலத்தின் ஓர் அழுத்தத்துக்கு 76 சென்டிமீட்டர் பாதரசம் வேண்டும். பத்து மடங்கு அழுத்தத்துக்கு ஏழரை மீட்டர் உயரத் தூண். ஓடுகிற ரயில் எஞ்சினில் அதை எங்கே நிறுத்துவது? அழுத்தம் தெரியாமல் கொதிகலன்கள் வெடித்து ஆட்கள் செத்துக்கொண்டிருந்த காலம் அது. பூர்தோனின் கையடக்கக் கருவி உலகம் முழுக்கப் பரவியதில் ஆச்சரியமில்லை. 1851 லண்டன் பொருட்காட்சியில் அதற்குப் பதக்கம் கிடைத்தது. அடுத்த ஆண்டே அமெரிக்க உரிமையை எட்வர்டு ஆஷ்கிராஃப்ட் என்பவர் வாங்கிக்கொண்டார். நூறு ஆண்டு கழித்து அமெரிக்காவில் கட்டிய எங்கள் படகில் அந்தப் பாரிஸ் குழாய் இருந்ததன் வரலாறு இதுதான்.

பூர்தோனுக்கு ஒரு வழக்கும் வந்தது. திரவமில்லாத பாரோமீட்டரை 1844இல் செய்த லூசியேன் விதி என்பவர், என் யோசனையைத்தான் எடுத்துக்கொண்டார் என்று நீதிமன்றம் போனார். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. கடைசியில் வென்றவர் விதி. பெயர்ப் பொருத்தத்தை நான் கற்பனை செய்யவில்லை, உண்மையிலேயே அவர் பெயர் அப்படி.

தண்ணீர்ச் சூட்டு மீட்டரிலும் பூர்தோன்தான் உட்கார்ந்திருக்கிறார். எஞ்சினுக்குள் ஒரு சிறு செப்புக் குமிழ், அதில் ஈதர். சூடேறினால் ஈதர் ஆவியாகி, முடி போன்ற குழாய் வழியே அழுத்தம் வந்து பூர்தோன் குழாயை நிமிர்த்தும். இதைச் சோதிக்கத் தம்பி மனைவியின் சமையலறைக்குப் போனோம். பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்துவிட்டு, குமிழை அதில் வைத்தோம். ஈதர் எளிதில் தீப்பிடிப்பது என்பதால் அடுப்பை அணைக்கச் சொன்னது நான். முள் ஏறி அமெரிக்கக் கணக்கில் 212க்குச் சற்றுக் கீழே நின்றது. அது சரியே. அசையாமல் இருந்திருந்தால் மெல்லிய குழாய் எங்கோ வெடித்து ஈதர் போய்விட்டது என்று அர்த்தம். அதைச் சரிசெய்கிறவர்கள் புதுக் குழாயைப் பற்றவைக்கும்போது, ஈதர் ஆவியாகாமலிருக்க, குமிழை உப்பு போட்ட ஐஸில் புதைத்து வைத்துக்கொண்டு செய்வார்கள். வீட்டில் செய்யும் வேலை அல்ல அது.

இன்னொரு விஷயம். வேக மீட்டரின் முகப்புக்குப் பின்னாலும் இருப்பது பூர்தோன் குழாய்தான். தண்ணீரில் 1732, முகப்பில் 1849. இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. பூர்தோன் பிறப்பதற்கு 37 வருடம் முன்பே பித்தோ காலமாகிவிட்டார்.

எஞ்சின் சுற்றைக் காட்டும் மீட்டரில் முள் நடுங்கிக்கொண்டே இருந்தது. எஞ்சினிலிருந்து சுழலும் ஒரு கேபிள் மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். காந்தத்தைச் சுற்றி அலுமினியக் கிண்ணம் ஒன்று, அதைத் தொடாமல் இருக்கும். காந்தம் சுழன்றால் கிண்ணமும் இழுபடும். ஒரு சுருள்கம்பி அதைத் தடுத்துப் பிடிக்கும். தொடாமலே இழுப்பது எப்படி? அலுமினியம் காந்தத்தில் ஒட்டும் உலோகமே அல்லவே?

இந்த வினோதத்தை 1824இல் கண்டவர் ஃபிரான்சுவா அராகோ. சுழலும் செப்புத் தட்டுக்கு மேலே தொங்கும் காந்த ஊசியும் கூடவே திரும்புவதைக் காட்டினார். காரணம் அவருக்குத் தெரியவில்லை. 1831இல் இங்கிலாந்தின் ஃபாரடே விளக்கம் கொடுத்தார்: அசையும் காந்தம் உலோகத்துக்குள் மின்னோட்டத்தை உண்டாக்குகிறது, அந்த மின்னோட்டமே இழுக்கிறது. எங்கள் பாடப் புத்தகத்தில் இதற்கு ஃபூக்கோ மின்னோட்டம் என்று பெயர். இதை வைத்து வேகமானி செய்து 1902இல் காப்புரிமை பெற்றவர் ஸ்ட்ராஸ்பூரைச் சேர்ந்த ஓட்டோ ஷூல்ட்ஸ். அப்போது அந்த ஊர் ஜெர்மனியின் கையில் இருந்தது என்பதால் வாத்தியார் இதைச் சொல்லாமல் விட்டிருப்பார்.

நடுக்கத்துக்குக் காரணம் மீட்டர் அல்ல, கேபிள். பல வருடம் காய்ந்துபோன கிரீஸ். கேபிளை உருவி மண்ணெண்ணெயில் கழுவி, கீழ்ப்பகுதிக்கு மட்டும் லேசாகக் கிரீஸ் தடவிப் போட்டதும் முள் நிதானமாகிவிட்டது. மேல்வரை தடவினால் கிரீஸ் ஏறி மீட்டருக்குள் போய்விடும்.

நான்காவது பிரெஞ்சுக்காரரின் பெயர் மீட்டரின் முகத்திலேயே எழுதியிருக்கிறது: ஆம்பியர். லியோனில் பிறந்த ஆந்த்ரே மரி ஆம்பேர். 1820இல் டென்மார்க்கின் எர்ஸ்டெட், மின்னோட்டம் போகும் கம்பிக்குப் பக்கத்தில் காந்த ஊசி திரும்புவதைக் கண்டார். அந்தச் செய்தியைப் பாரிஸ் அகாதெமிக்குக் கொண்டுவந்தவர் அதே அராகோதான். செப்டம்பர் 11ஆம் தேதி அராகோ அதைச் செய்து காட்டினார். 18ஆம் தேதியே ஆம்பேர் தன் முதல் ஆய்வோடு வந்து நின்றார். ஒரே வாரம்! நம் அலுவலகங்களில் ஒரு வாரத்தில் கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போனாலே பெரிது.

ஆம்பியர் மீட்டர் வழியாகத்தான் பேட்டரிக்குப் போகிற வருகிற மின்னோட்டம் ஓடும். எஞ்சின் நின்றிருக்க விளக்கைப் போட்டால் முள் கழித்தல் பக்கம் சாய வேண்டும். எஞ்சின் ஓடினால் கூட்டல் பக்கம். மாறிச் சாய்ந்தால் பின்னால் இரண்டு கம்பியும் இடம் மாறியிருக்கின்றன. எங்களுடையது சரியாகச் சாய்ந்தது. ஆனால் பின்பக்கத் திருகு ஒன்று தளர்ந்து, அதைச் சுற்றிக் கம்பியின் உறை கருகியிருந்தது. பெட்ரோல் ஆவி தங்கக்கூடிய படகில் இது தீ விபத்துக்கு முதல் படி. பேட்டரியைக் கழற்றிவிட்டு, கம்பியை மாற்றித் திருகை முறுக்கினோம். பழைய படகு வைத்திருப்பவர்கள் மற்ற மீட்டர்களைப் பார்க்காவிட்டாலும் இதன் பின்பக்கத்தைப் பார்த்துவிட வேண்டும்.

இடையில் என் கையாலேயே ஒரு பிழை நடந்தது. மங்கியிருந்த வேக மீட்டரின் முகப்பை அழகாக்குகிறேன் என்று ஈரப் பஞ்சால் துடைத்தேன். '30' என்ற எண் பஞ்சோடு வந்துவிட்டது. பழைய முகப்பு எழுத்துகளைத் தூசி தட்டலாம், துடைக்கக் கூடாது என்று அன்று கற்றுக்கொண்டேன். வேறோர் எச்சரிக்கையும் உண்டு. அந்தக் காலத்து மீட்டர்கள் சிலவற்றில் இரவில் ஒளிர ரேடியம் கலந்த பூச்சு இருக்கும். ரேடியத்தை 1898இல் பாரிஸில் கண்டுபிடித்தவர்கள் கியூரி தம்பதியர். அமெரிக்காவில் முகப்புகளுக்கு அதைப் பூசிய இளம் பெண்கள், தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கியதால் தாடை அரித்து இறந்துபோனார்கள். ரேடியம் பூசிய முகப்பு என்று சந்தேகம் வந்தால் கண்ணாடியைத் திறக்கவே கூடாது.

இனி பெட்ரோல் மீட்டர். இதில் பிரெஞ்சுக்காரர் யாரும் இல்லை. மின்தடைக்கான விதியை 1827இல் வெளியிட்ட ஜெர்மானியர் ஓம் இருக்கிறார். டாங்கிக்குள் ஒரு மிதவை. அது ஏறி இறங்கும்போது ஒரு தடைச் சுருளின் மேல் நகரும். தடை மாறினால் முள் மாறும்.

சோதனை எளிது. மீட்டரின் பின்னால் மூன்று இணைப்புகள்: சாவியிலிருந்து வரும் மின்சாரம், எர்த், டாங்கிக் கம்பி. மின்சாரம் வருகிறதா என்று பார்த்தோம், வந்தது. அடுத்து எர்த். காரின் உடம்பு இரும்பு, எங்கே தொட்டாலும் எர்த் கிடைக்கும். மரப்படகில் அது கிடையாது, தனிக் கம்பிதான். அந்தக் கம்பி பச்சைப் பாசி பிடித்து அறுந்தால் எல்லா மின் மீட்டர்களும் உளறும். எங்களுடையது நன்றாகவே இருந்தது. பிறகு டாங்கிக் கம்பியை மீட்டரிலிருந்து கழற்றினோம். முள் காலிக் கோட்டுக்குப் போனது. அந்த இணைப்பை எர்த்தோடு தொட்டோம். முள் நிறைந்த கோட்டுக்குப் போனது. அமெரிக்க மீட்டர் இப்படித்தான் நடக்க வேண்டும். ஆக மீட்டர் உத்தமம். படகைக் காற்றாட நிறுத்தி, பேட்டரியைக் கழற்றிவிட்டு, மிதவையின் தடையை அளந்தோம்.

விடை அங்கே இருந்தது. அமெரிக்க முறையில் டாங்கி காலி என்றால் 240 ஓம், நிறைந்தால் 33 ஓம். ஐரோப்பிய முறையில் காலி என்றால் 10 ஓம், நிறைந்தால் 180. மெக்கானிக் போட்ட புது மிதவை ஐரோப்பியச் சரக்கு. காலி டாங்கியில் அது 10 ஓம் என்று உண்மையைச் சொன்னது. 33க்கும் குறைவு என்பதால் அமெரிக்க மீட்டர் அதை 'நிறைந்ததற்கும் மேல்' என்று வாசித்தது. பெட்ரோல் ஊற்ற ஊற்றத் தடை ஏறியது, முள் இறங்கியது. எண்பது லிட்டர் டாங்கியில் நாற்பது லிட்டர் போட்டபோது இரு முறையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் சந்தித்தன. அதனால் பாதியை மட்டும் சரியாகக் காட்டியது. மிதவையும் பழுதில்லை, மீட்டரும் பழுதில்லை. ஒருவர் பேசும் மொழி மற்றவருக்குத் தெரியவில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆணைகளைத் தமிழ் அலுவலகத்தில் வாசித்து வளர்ந்தவனுக்கு இது புதிதல்ல.

அமெரிக்க மிதவை வரவழைத்துப் போட்டோம். பெட்ரோல் முள் அன்றிலிருந்து ஒழுங்காக நடந்துகொண்டது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். நான் ஊர் திரும்புவதற்கு ஒரு வாரம் முன்பு, அதே மூவரும் மறுபடி ஆற்றில் போனோம். எப்போதும் நாற்பதில் நிற்கும் ஆயில் முள் இருபதுக்கு வந்தது, பிறகு பதினைந்துக்கு. எஞ்சின் சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தம்பி முகம் கறுத்தான். "அண்ணே, இதுவும் புளுக ஆரம்பிச்சிடுச்சு. கரைக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்று வேகத்தைக் கூட்டப் போனான்.

"நிறுத்துடா!" என்று கத்தினேன். அவனிடம் அப்படி நான் கத்தியதே இல்லை. எஞ்சினை அணைத்தான். நங்கூரத்தைப் போட்டுவிட்டு மூடியைத் திறந்தோம். ஆயில் மீட்டருக்கு வரும் செப்புக் குழாய், எஞ்சினின் அதிர்வில் பல வருடம் ஆடி ஆடி, இணைப்புக்குப் பக்கத்தில் விரிசல் விட்டிருந்தது. ஆயில் படகின் அடியில் குளமாக நின்றது. இன்னும் சில நிமிடம் ஓட்டியிருந்தால் எஞ்சின் இறுகிப்போயிருக்கும். அவனுடைய பென்ஷன் சேமிப்பில் பாதி அதில்தான் இருந்தது. விரிசல் விட்ட குழாய்க்குப் பதிலாக, எஞ்சின் பக்கம் அதிர்வைத் தாங்க ஒரு ரப்பர் துண்டோடு புதுக் குழாய் போட்டோம்.

எல்லோருக்கும் கேட்கிறபடி உண்மையைச் சொன்ன மீட்டரை, முன்பு வேறொரு மீட்டர் சொன்ன தவறுக்காக நம்ப மறுத்தோம். மனிதர்களிடத்திலும் இதைச் செய்கிறோம் அல்லவா? ஒரு பிள்ளை ஒருமுறை ஏமாற்றினால், அடுத்த பிள்ளை கையை நீட்டும்போதும் சந்தேகப்படுகிறோம்.

மீட்டர்களிடம் நான் கற்றது இவ்வளவே. எந்த முள்ளும் நமக்கு வேண்டியதை நேராக அளப்பதில்லை. வேகத்தைக் கேட்டால் துளையின் அழுத்தத்தைச் சொல்கிறது. சூட்டைக் கேட்டால் ஒரு குழாய் எவ்வளவு நிமிர்ந்தது என்று சொல்கிறது. பெட்ரோலைக் கேட்டால் தடையைச் சொல்கிறது. இடையில் பல கை மாறி வருகிறது செய்தி. சந்தேகம் வந்தால் ஒவ்வொரு கையாகப் போய் விசாரிக்க வேண்டும். விசாரிக்கும் வரை, ஆபத்து என்று சொல்லும் முள்ளை நம்பி நிறுத்திவிட வேண்டும். நிறுத்தியதால் கெடுவது கொஞ்ச நேரம் மட்டுமே.

படகை ஓட்டாத நமக்கு இதில் என்ன என்று கேட்பீர்கள். அடுத்த முறை டாக்டர் கையில் பட்டையைக் கட்டி ரத்த அழுத்தம் பார்க்கும்போது அந்த வட்ட முகப்பைக் கவனியுங்கள். அதற்குள் இருக்கும் உலோகப் பெட்டி வழக்கில் வென்ற விதியின் வழியில் வந்தது. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் சிலிண்டரின் தலையில் இருக்கும் மீட்டரைப் பாருங்கள். அங்கே வழக்கில் தோற்ற பூர்தோன் இருக்கிறார். நம் வயதுக்காரர்களுக்கு இருவருமே தெரிந்தவர்கள்தான்.

தம்பி படகை விற்கவில்லை. வேக மீட்டரில் '30' இருந்த இடம் இன்றும் காலியாகவே இருக்கிறது. ஃபோன் செய்யும்போதெல்லாம், "அண்ணே, இருபதுக்கு அப்புறம் நாற்பதுதான் வருது" என்று என்னை வம்புக்கு இழுப்பான். பேத்திக்கு இப்போது அவள் தாத்தாவைவிட நன்றாகப் படகு ஓட்டத் தெரியும். கிளம்பும் முன் பெட்ரோல் முள்ளைப் பார்ப்பாளாம். பிறகு ஒரு மரக்குச்சியை டாங்கிக்குள் விட்டும் பார்ப்பாளாம்.